ரயில் வராத நாட்களில் எங்கள் ஸ்டேஷன்

ராமேஸ்வரம் ஸ்டேஷனில் முன்பதிவு கவுண்ட்டரில் உட்காருகிறவள் நான். அந்த ஸ்டேஷனுக்கு ஒரு ரயில்கூட வராமல் இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் அய்யா சிரிக்கவில்லை, கவலைப்பட்டார். எங்களுக்குக் கமுதிப் பக்கம் கிராமம், குண்டு மிளகாய் விவசாயம். களத்தில் மிளகாயைக் காயப்போட்டுவிட்டு அங்கிருந்தே போன் செய்வார்.

"வண்டியே வரலங்கிற. அப்ப அங்கன ஒக்காந்து என்னத்தப் பாக்குற?" என்று கேட்டார்.

டிக்கெட் கொடுக்கிறேன் என்றேன். வராத வண்டிக்கு எதற்கு டிக்கெட் என்றார். மண்டபத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் புறப்படுகிற வண்டிகளுக்கு என்று விளக்கினேன். சம்பளம் தவறாமல் வருகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போனை வைத்தார். அதன் பிறகு ஊரில் யாராவது கேட்டால் மகள் ரயில்வேயில் இருக்கிறாள் என்று சொல்வாரே தவிர, எந்த ஸ்டேஷன் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

வண்டிகளை நிறுத்திய அன்று எங்களுக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. காற்று அதிகமானால் பாம்பன் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி வைப்பது எப்போதும் உள்ளதுதான். அப்படித்தான் இதுவும் என்று நினைத்தோம். பழைய பாலத்தில் கப்பலுக்காகத் திறக்கிற பகுதி பலவீனமாகிவிட்டது, பயணிகளோடு வண்டி போகக் கூடாது என்றார்கள். சில நாள் என்றார்கள். பிறகு சில வாரம் என்றார்கள். அப்புறம் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த புதுப் பாலம் முடிகிறவரைக்கும் என்றார்கள். அதற்கு மேல் யாரும் நாள் குறிப்பிடவில்லை.

முதலில் உறைத்தது சத்தம் இல்லாததுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே எனக்குக் குவார்ட்டர்ஸ். கணவர் மதுரையில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில் வருவார். காலை வண்டியின் ஹாரனைக் கேட்டுத்தான் குக்கரை அடுப்பில் ஏற்றுவேன். இரண்டாவது ஹாரனுக்குக் குளித்து முடித்திருப்பேன். ஹாரன் நின்ற பிறகு ஒரு வாரம் தினமும் வேலைக்குத் தாமதமாகப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஸ்டேஷன் தடத்தின் கடைசி ஸ்டேஷன். முன்னொரு காலத்தில் பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தனுஷ்கோடிக்கும் மற்றது இங்கேயும் வந்தது. அந்தப் பக்கத்தைப் புயல் கொண்டுபோன பிறகு இது மட்டும் மிச்சம். கடைசி ஸ்டேஷனுக்கு என்று சில வேலைகள் உண்டு. வண்டி நின்ற பிறகும் தூங்கிக்கொண்டிருக்கிறவர்களை எழுப்பி இறக்கிவிட வேண்டும். பெட்டிகளைக் கழுவ வேண்டும், தண்ணீர் ஏற்ற வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளைப் பொருள் வைக்கும் அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த அறை காலையில் நிரம்பி மாலையில் காலியாகும். தீர்த்தங்களில் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து, ஈரப் புடவைகளைப் பிளாட்பாரத்துக் கம்பிகளில் காயப்போடுவார்கள். வேட்டி, புடவை, குழந்தைகளின் கால்சட்டை என்று ஸ்டேஷனே பெரிய கல்யாண வீட்டின் கொல்லைப்புறம் மாதிரி இருக்கும். காயப்போடக் கூடாது என்று அவ்வப்போது போய்ச் சொல்வோம். அவர்களும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் துணியைத் திருப்பிப் போடுவார்கள்.

அது எல்லாம் நின்றுபோனது. பிளாட்பாரத்தில் மாடுகள் படுத்துக்கொண்டன. தண்டவாளம் பளபளப்பு போய்ச் செம்பழுப்பானது. உப்புக்காற்றுக்கு அது அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் கவுண்ட்டருக்கு ஆட்கள் வந்தார்கள். சாமி கும்பிட்டு முடித்தவர்களுக்கு ஊர் திரும்ப வேண்டுமே. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் நான் அதையே சொல்வேன். வண்டி இங்கிருந்து இல்லை, பஸ்ஸில் ரோட்டுப் பாலம் தாண்டி மண்டபம் போங்கள். இந்தியில் சொல்வதற்கு மூன்று நான்கு சொற்களைப் பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் வடக்கேயிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் நேராகப் பிளாட்பாரத்துக்குப் போய், பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கவுண்ட்டர் பக்கம் அவர்கள் வரவே இல்லை. கையில் டிக்கெட் இருந்தது, வண்டி மண்டபத்திலிருந்து கிளம்பும் என்ற செய்தியை யாரும் படித்திருக்கவில்லை. நான் எழுந்து போய்ச் சொன்னேன். தலைப்பாகை கட்டிய பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெயர்ப் பலகையைக் காட்டினார். பிறகு தண்டவாளத்தைக் காட்டினார். ஸ்டேஷன் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, நீயும் இருக்கிறாய், வண்டி மட்டும் எப்படி வராமல் போகும் என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த சொற்கள் தீர்ந்துவிட்டன.

அப்போது எங்கள் பிளாட்பாரத்தில் டீ விற்கிற அண்ணன் வந்தார். பெரியவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தார். இன்னொரு டம்ளரில் விரலை முக்கி, சிமெண்ட் பெஞ்சின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் நடுவில் உள்ளங்கையால் துடைத்து இடைவெளி விட்டார். இடைவெளியில் அலை மாதிரி நெளிவுகள் போட்டார். இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் வண்டி என்று தன் இந்தியில் சொன்னார். பெரியவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனே ஒரு வேனைப் பிடித்து அவர்களை ஏற்றிவிட்டார். கிளம்பும்போது பெரியவர் அவர் தலையில் கைவைத்து ஏதோ ஆசீர்வாதம் செய்தார்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் இதே தீவில் அக்காள்மடம். கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். அப்பா, அண்ணன்மார், சித்தப்பன்மார் எல்லோரும் கடல் தொழில்தான். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டில் ஏறினால் தலைசுற்றி வாந்தி. பதினைந்து பதினாறு வயதில் பலமுறை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வலைக்குவியல் மேல் பிணம் மாதிரி கிடந்துவிட்டு வந்திருக்கிறார். கடைசியில் அவர் அப்பா, இவனைக் கரையிலேயே விடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். கரையில் அவருக்குக் கிடைத்த இடம் எங்கள் பிளாட்பாரம். முதலில் கேனைத் தூக்கிக்கொண்டு டீ விற்றார். பிறகு ஓர் ஒப்பந்தக்காரர் எடுத்திருந்த ஸ்டாலை நடத்தினார். நான் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் எனக்கு டீ கொடுத்தது அவர்தான். அன்றிலிருந்து அண்ணே என்று கூப்பிடுகிறேன். அதனால் அவர் மனைவி எனக்கு மதினி ஆனார். அவர்கள் இரண்டு பேருக்கும் நான் இன்றுவரை மேடம்தான்.

வண்டி நின்று கொஞ்ச நாளில் ஒப்பந்தக்காரர் ஸ்டாலை மூடிவிட்டார். அண்ணன் ஒரு பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு என் கவுண்ட்டர் வரிசையில் நிற்கிறவர்களுக்கு மட்டும் டீ ஊற்றினார். மழை நாளில் அந்த வரிசையும் இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, புதுப் பாலத்தைப் பற்றி ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்று பேசிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் வரிசையில் மதினி நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. டிக்கெட் எடுக்கிறவர் மாதிரியே பொறுமையாக நகர்ந்து நகர்ந்து வந்தார். முறை வந்ததும் ஜன்னலில் முகத்தை வைத்துச் சொன்னார்.

"மேடம், அவரு அண்ணன் போட்டுல தொழிலுக்குப் போறேங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

பின்னால் ஆட்கள் நின்றதால் அதற்கு மேல் பேச முடியவில்லை. ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு காலிப் பிளாட்பாரத்தின் கோடியில் போய் உட்கார்ந்தேன். மதினி பிறந்த ஊர் தங்கச்சிமடம். அவர் அப்பாவும் கடலுக்குப் போனவர். மதினி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் போனவர் திரும்பவில்லை. கடலுக்குப் போகாத மாப்பிள்ளை வேண்டும் என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு கிடைத்தவர்தான் இவர் என்றார். பெண் பார்க்க வந்த அன்று சொந்தக்காரர்கள், பையனுக்குக் கடலே ஆகாது, அது ஒன்றுதான் குறை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்களாம். உள்ளே நின்ற மதினிக்கு அந்தக் குறை போதும் என்று ஆகிவிட்டது.

நான் அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வண்டி வர்ற வரைக்குந்தான் மேடம். மதுரையில புள்ள நர்சிங் படிக்கிது. நான் பிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு நின்னா ஆகுமா?"



முதல் தடவை போய் வந்தபோது ஆளே பாதியாகியிருந்தார். மதினி அவர் சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அனுப்பியிருந்தார், குமட்டும்போது கீறி முகர்ந்து பார்க்க. அது நார்நாராகத் திரும்பி வந்தது. அண்ணன்மார் இவரை ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரு வேலையும் கொடுக்காமல் ஓரமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதுதான் வெட்கமாக இருந்தது என்றார். ஆனாலும் அடுத்த தடவை போனார். எங்கள் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு. போட் போகாத நாளில் பிளாஸ்க்கோடு என் கவுண்ட்டருக்கு வந்துவிடுவார்.

அதற்குள் ஸ்டேஷனைப் புதிதாகக் கட்டுகிற வேலை தொடங்கியது. ரயில் இல்லாத நேரத்தில் இடித்துக் கட்டிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். பழைய கட்டடத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்தார்கள், என் கவுண்ட்டரை இன்னொரு அறைக்கு மாற்றினார்கள். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்து, தகரக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அவர்களே பருப்பும் உருளைக்கிழங்கும் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பார்த்துத்தான் மதினிக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் ஒரு தள்ளுவண்டியைப் போட்டு டீயும் சோறும் மீன் குழம்பும் விற்க ஆரம்பித்தார். காரலோ சூடையோ போட்டில் வந்தது எதுவோ அதுதான் குழம்பு. முதல் இரண்டு நாள் அந்த ஆட்கள் வாங்கித் தின்றார்கள். மூன்றாம் நாள் அவர்களில் வயதான கொத்தனார் ஒருவர் தள்ளுவண்டிக்குப் பின்னால் வந்து, சைகை காட்டிக் கேட்டுவிட்டு, மதினியின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். ஒரு கை கடுகை ஊறப்போட்டு அரைத்தார். அதை மீனோடு போட்டுக் கொதிக்க வைத்தார். மதினி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்து, தாளிக்கிற கடுகைப் போய் அம்மியில் அரைக்கிறார்கள் என்று வியந்தார்.

எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். நான் மிளகாய்க் களத்தில் வளர்ந்தவள். ஆனால் அந்தக் காரம் நாக்கில் நிற்காமல் மூக்கு வழியே உச்சந்தலைக்குப் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் கொடுத்தேன். பதிலுக்கு அய்யா கொடுத்தனுப்பியிருந்த குண்டு மிளகாயில் ஒரு பையை மதினிக்குக் கொடுத்தேன். அதைக் கடுகோடு சேர்த்து அவர் ஒரு குழம்பு வைத்தார். கொத்தனாரும் ஆட்களும் அதற்கு வரிசையில் நின்றார்கள். ஒடிசாக்காரர்கள் நம் மிளகாயைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள் என்று அய்யாவுக்குப் போன் செய்தேன். அடுத்த பஸ்ஸிலேயே ஒரு சாக்கு ஏறி வந்தது. அந்தத் தடவை ஊரில் பலரிடமும் ராமேஸ்வரம் ஸ்டேஷன் என்று பெயர் சொல்லியே பேசினார் என்று அம்மா சொன்னார்.

இப்படி ஸ்டேஷன் வாசலில் மறுபடியும் புகையும் பேச்சும் வந்துவிட்டன. அண்ணனும் கடலுக்குப் போகாத நாட்களில் தட்டுக் கழுவினார், டீ ஆற்றினார். வண்டி வந்தால் கடலுக்குப் போவதை விட்டுவிடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நானும் மதினியும் இருந்தோம்.

அவர் எத்தனையாவது தடவை போய் வந்த பிறகு என்று நினைவில்லை. ஒருநாள் பிற்பகல், வரிசை கலைந்த நேரத்தில் ஜன்னல் அருகே வந்து நின்றார். ஏதோ திருடிவிட்டு வந்தவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"மேடம், நேத்து வாந்தி வரல."

நல்லதுதானே அண்ணே என்றேன்.

"வீட்ல சொல்லல," என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதே முகத்தில் பயமும் இருந்தது. விடிகிற நேரத்தில் காற்று அடங்கித் தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்ததாம். போட்டிலேயே ஆக்கின சோற்றை, பிடித்த மீனோடு, அண்ணன்மாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாராம். கடலில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெரிய அண்ணன் இவர் தட்டில் இன்னொரு மீனை வைத்திருக்கிறார். அப்பா ஏன் கடைசிவரைக்கும் கடல் கடல் என்று கிடந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது மேடம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வாசலில் மதினியின் தள்ளுவண்டி தெரிந்தது. மதினியிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லவில்லை.

அவர் சொல்லாமலேயே மதினிக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தடவை துவைக்க எடுத்த சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் மதினி பக்கவாட்டுக் கதவு வழியாக என் அறைக்கு வந்தார். அடுப்பை ஏற்றாமல் வந்திருந்தார். பழத்தை மேஜை மேல் வைத்தார்.

"முழுசா இருக்கு மேடம். நகங்கூடப் படல."

அதை ஒரு குற்றச்சாட்டு மாதிரிச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை வந்து சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். எனக்கு முன்பே தெரியும் என்பதை நான் மறைக்கவில்லை. அவர் அதற்குக் கோபப்படவும் இல்லை. இனிமேல் வண்டி வந்தாலும் அவர் கடலை விடமாட்டார், அதுதானே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, அண்ணன் சந்தோஷமாகத்தான் இருந்தாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். மறுநாள் மதினியே சொன்னார். அண்ணன் பொய் சொல்லவில்லையாம். கடல் பிடித்துவிட்டது, ஆனால் நீ போகாதே என்றால் போகமாட்டேன், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொள்கிறேன் என்றாராம். மதினி பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்.

"போங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் என்னய எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க."

மதினியின் அப்பா கடைசியாகக் கடலுக்குப் போன அன்று, பிள்ளை தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாராம். இத்தனை வருஷத்தில் அதை அண்ணனிடம்கூட அவர் சொன்னதில்லை.

அன்றிலிருந்து போட் போகிற நாட்களில் அண்ணன் எழுப்புவார். மதினி எழுந்து டீ போட்டுக் கொடுப்பார். ஊருக்கெல்லாம் டீ போட்டவனுக்கு இப்போதுதான் ஒருத்தர் போட்டுக் கொடுக்கிறார் என்று அண்ணன் என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். மதினியின் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று வேகமாக அடிக்கிற நாட்களில் குழம்பில் உப்பு கூடியோ குறைந்தோ இருக்கும். கொத்தனாரும் ஆட்களும் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் மதினியின் முகமே வேறு. அந்த நாட்களில் அண்ணன் முழு நேரமும் கரையில், தள்ளுவண்டியில் இருப்பார்.

புதுப் பாலம் ஒருவழியாக முடிந்தது. வெறும் என்ஜினை விட்டுப் பார்த்தார்கள், பிறகு பெட்டிகளோடு விட்டுப் பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் நின்றார்கள். நான் கவுண்ட்டரை விட்டு நகர முடியவில்லை. அப்படி ஒரு சோதனை வண்டி போன நாளில் அண்ணன், தன் சின்ன அண்ணனின் வல்லம் என்கிற நாட்டுப் படகில் பாலத்துக்குக் கிட்டேயே இருந்திருக்கிறார். கரைக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"இத்தன வருசம் அந்த வண்டியில ஏறி எறங்குனேன் மேடம். அதோட அடிவயித்த இன்னைக்குத்தான் பாத்தேன்," என்றார். தலைக்கு மேலே இரும்பெல்லாம் அதிர, தண்ணீர் சிலிர்த்ததாம். கையை விரித்து விரித்துக் காட்டினார். மதினியிடமும் அதே மாதிரி காட்டியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் வாசலில் அதே பேச்சாக இருந்தது.

திறப்பு விழா அன்று ஊர் முழுக்கப் போலீஸும் கூட்டமும். நான் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கிற அந்தச் சின்னத் தூரத்துக்கே பலமுறை அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்தபோது நாங்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றோம். ஸ்டேஷன் மாஸ்டர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் என்றார். எனக்கும் வெயில்தான்.

வழக்கமான வண்டிகள் ஓடத் தொடங்கியதும் எங்களுக்கு முதலில் வந்தவை புகார்கள். காத்திருக்கும் அறை எங்கே, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை, பொருள் வைக்கும் அறையை எங்கே மாற்றினீர்கள், ஏன் இப்படித் தூசியாக இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கட்டட வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லித் தொண்டை கட்டியது. ஆனால் சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். தகர மறைப்புக் கம்பிகளில் ஈரப் புடவைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அன்று நான் யாரையும் எடுக்கச் சொல்லவில்லை.

அண்ணனின் பழைய ஸ்டால் இருந்த இடம் இப்போது இல்லை. புதுக் கட்டடத்தில் கடைகள் வேறு மாதிரி வரும் என்கிறார்கள். அதற்கு முயற்சி செய்யப் போகிறீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் மேடம் என்றார். சொன்ன விதத்திலேயே அவர் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தது. போட் போகிற நாளில் கடல், மற்ற நாளில் தள்ளுவண்டி. கொத்தனாரும் சில ஆட்களும் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது கொத்தனார் அரைக்கிற பக்குவத்தை மதினிக்கு இன்னொரு தடவை செய்து காட்டிவிட்டுப் போனார். இப்போது வாசலில் இறங்குகிற வங்காளத்து யாத்ரீகர்கள்கூட அந்தக் குழம்பை மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஏன் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் புரிவதில்லை.

போன மாதம் ஒரு காலையில் மதினி மறுபடியும் என் வரிசையில் நின்றார். நல்ல புடவை, தலையில் பூ. தள்ளுவண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்திருந்தார். மண்டபத்துக்கு ஒரு டிக்கெட் வேண்டும் என்றார். யாரைப் பார்க்க என்று கேட்டேன். யாரையும் இல்லை என்றார். அண்ணன் பாலத்துக்குக் கீழேயிருந்து வண்டியைப் பார்த்த கதையை இத்தனை தடவை கேட்டாயிற்று, வண்டியிலிருந்து பார்த்தால் போட் தெரியுமா என்று ஒரு நாள் பார்த்துவிட வேண்டும் என்றார். அன்று அண்ணன் கடலுக்குப் போயிருந்த நாள், கரை திரும்புகிற நேரம்.

இது முன்பதிவு கவுண்ட்டர், அந்த டிக்கெட் அடுத்த ஜன்னலில் என்று சொல்லவில்லை. நானே எழுந்து போய் வாங்கிக் கொடுத்தேன். ரோட்டுப் பாலம் தெரியாத பக்கமாக உட்காருங்கள் மதினி, அந்தப் பக்கம்தான் வெறும் கடல் என்றேன். பாலத்தில் வண்டி மெதுவாகப் போகும், பயப்படாதீர்கள், கதவுப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்தத் தீவில் பிறந்து, ரயில்வே ஸ்டேஷன் டீக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, இத்தனை வயதில் அவர் அந்தப் பாலத்தை ரயிலில் கடப்பது அதுதான் முதல் தடவை. மற்ற எல்லாப் பயணமும் பஸ்ஸில்தான். ரயிலில் டீ விற்கிறவரின் மனைவி ரயிலில் போனால் வீட்டில் யார் இருப்பது என்று சிரித்தார்.

மத்தியானத்துக்குள் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். பூ வாடியிருந்தது. கவுண்ட்டரில் ஆள் இல்லாததால் ஜன்னலில் கையூன்றி நின்றார். பார்த்தீர்களா என்றேன்.

"எங்க மேடம். அம்புட்டு ஒசரத்துல இருந்து பாத்தா எல்லா போட்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நம்ம போட் எதுன்னு யாரு கண்டா. எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்துக்கும் கையக் காட்டிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு, அடுப்பு ஏற்ற வேண்டும், பிற்பகல் வண்டிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று வாசலைப் பார்த்து நடந்தார்.